கூடார வண்டியும் ஆறு பொழுதுகளும்



வழியிடைத் தங்குதல் தமிழர்க்குப் புதிய பழக்கம் அன்று. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைப்பதற்குச் சுமைதாங்கியும், அவர்தந் தாகந் தீர்ப்பதற்குக் கேணியும் தண்ணீர்ப்பந்தலும், மாடுகள் தம் உடலை உரோஞ்சிக் கொள்வதற்கு ஆவுரோஞ்சிக் கல்லும், இராப்பொழுதைக் கழிப்பதற்கு மடமும் அமைத்துக் கொடுத்த சமூகம் நம்முடையது. பருத்தித்துறையிலே தெருவுக்கு மேலாகக் கூரை அமைத்து நிற்கும் தெருமூடி மடத்தை நம் பெற்றோருட் பலர் கண்டிருப்பர். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு அக்காலத்திலே குடும்பங் குடும்பமாகக் கூடார வண்டி கட்டிச் சென்றோர், நந்திக்கடலோரத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியின் கீழும் மரத்தின் கீழுமாகத் தங்கினர். மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்குச் சென்ற அடியார்கள் காட்டு மரங்களின் நிழலிலே சிறு குடில்களும் கூடாரங்களும் அமைத்துப் பல நாட்கள் அங்கேயே சமைத்துண்டு வாழ்ந்தனர்.

இந்நாட்டில் கோடை வந்ததும் நெடுஞ்சாலைகளிலே வரிசையாகச் செல்லும் காம்பர் வான்களைக் காணும்போது நம் நினைவுக்கு வருவது அந்தக் கூடார வண்டியே. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் உள்ளே அமைந்த இவ்வாகனத்தை இக்கட்டுரையில் நாமும் கூடார வண்டி என்றே அழைப்போம். மாடு போய் இயந்திரம் வந்துள்ளதேயன்றி, வண்டிக்காரன் அன்று கேட்ட வினாக்கள் இன்றும் மாறவில்லை. தண்ணீர் எங்கே உண்டு? நிழல் எங்கே உண்டு? நிலம் மேடா, பள்ளமா? இருட்டுமுன் அவ்விடத்தைச் சென்றடைய இயலுமா? இவ்வினாக்களுக்குக் கியூபெக் மாகாணத்திலே, பருவத்துக்கேற்ப விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று சொன்னவை இரண்டு: ஒன்று நிலம், மற்றையது பொழுது. எந்த நிலத்துக்கு எந்தப் பொழுது உரியது என்பதை ஆராய்ந்து இலக்கணம் வகுத்த மொழி நம் மொழி. பத்துப்பாட்டிலே ஆற்றுப்படை என்னும் நூல்வகை உண்டு. முன்னே சென்று வந்தவர், பின்னே செல்வோர்க்கு வழியும் தங்குமிடமும் எடுத்துக் கூறுவது அதன் அமைப்பு. கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாம், மலைவழியிலுள்ள இடர்களையும் அவற்றுக்குத் தப்பிச் செல்லும் முறையையும் விரித்துரைக்கின்றது. இச்சிறு கட்டுரையையும் அவ்வழியில் வந்த எளியதோர் ஆற்றுப்படையாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

முகாம் என்னுஞ் சொல்

வழி கூறுமுன், வழியை மறித்து நிற்கும் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

கோடை விடுமுறைக்குப் பின்னர், 'நான் கழித்த விடுமுறை' என்னுந் தலைப்பிலே கட்டுரை எழுதுவிப்பது நம் வகுப்பின் வழக்கம். ஓராண்டு ஒரு மாணவி, "நாங்கள் முகாமுக்குப் போனோம். முகாம் மிகவும் நல்லது. திரும்பி வர மனம் வரவில்லை" என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இல்லை; இலக்கணப் பிழையும் இல்லை. ஆயினும் நம் சிவப்புப் பேனா அவ்விடத்திலே நின்றுவிட்டது. பிள்ளையைக் கூட்டிச் செல்ல வந்த தாயாரிடம் அதனைக் காட்டினோம். அவர் வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "பள்ளிக்கூடத்தோடை எண்டபடியால் விட்டனான் சேர். நாங்கள் ஒருநாளும் வரமாட்டம். கூடாரத்துக்கை கிடந்தது காணும்" என்றார்.

அவர் கூறியதன் பொருளை இப்பிள்ளைகளுக்கு விளக்கத்தான் வேண்டும். 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பி வேலிக்குள்ளே அடைக்கப்பட்டனர். செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம்களே அவற்றுட் பெரியவை. அவை முற்றாக மூடப்பட்டது 2012ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில். அதற்கு முன்னரும் நம்மவர் பலர் கடல் கடந்து சென்று மண்டபம் முதலிய தமிழக முகாம்களிலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். நாமும் கூடார வரிசையொன்றிலே மாதங்கள் பல கழித்து, அங்கே மரநிழலிற் பிள்ளைகளைக் கூட்டிப் பாடஞ் சொன்னவர்களே. ஆதலால் நம் பெற்றோருக்கு முகாம் என்றதும் நினைவில் எழுவது வாளியுடன் நின்ற தண்ணீர் வரிசை. நம் பிள்ளைகளுக்கோ அது ஏரிக்கரையும் நெருப்பிலே வாட்டிய இனிப்பும் ஆகும். ஒரே வீட்டிலே, ஒரே மொழியிலே, ஒரே சொல் இருவேறு பொருளில் வழங்குகின்றது.

முகாம் என்பது அரபு மொழியிலிருந்து நம்மிடம் வந்த சொல். தங்குமிடம் என்பதே அதன் பொருள். சொல்லிலே குற்றமில்லை. அங்கே நாம் தங்கிய இடத்தை நாம் தேரவில்லை. எந்தக் கூடாரம், எவருடன், எத்தனை நாள் என்பவற்றைப் பிறரே முடிவு செய்தனர். வெளியே செல்லும் வழியும் நம் கையில் இருக்கவில்லை. இங்கே இடத்தையும் நாளையும் நாமே தேர்கின்றோம். மழை பிடிக்கவில்லையெனில் நள்ளிரவிலும் வீடு திரும்பலாம். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் அறிய வேண்டுமெனில், இடந்தேரும் வேலையை அவர்களும் பெற்றோரும் கூடியிருந்து செய்தல் நன்று. அப்பொழுது பழைய கதையைச் சொல்வதற்கும் கேட்பதற்கும் ஒரு வாய்ப்பு வாய்க்கும்.

கூடாரத்திற் படுக்க மனம் ஒவ்வாத மூத்தோர்க்குக் கூடார வண்டி ஏற்றது என்பதற்கும் இதுவே காரணம். அதற்குத் தளம் உண்டு, சுவர் உண்டு, உட்புறமாகப் பூட்டிக் கொள்ளக் கதவு உண்டு. மழைநீர் பாயின் கீழே ஊறுவதில்லை.

இடந்தேரும் பொதுமுறை

விமான நிலையத்துக்கு அணித்தாக, சென் லூயி ஏரிக்கரையில் அமைந்த டோர்வலில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. மொன்றியல் தீவின் மேற்குப் புறத்திலே இருப்பதால், நகரின் நெரிசலுக்குள் நுழையாமலே மேற்கும் வடக்கும் செல்லும் நெடுஞ்சாலைகளை எளிதில் அடையலாம். 13ஆம் இலக்க நெடுஞ்சாலையால் வடக்கே சென்று, 640ஆம் இலக்கத்தில் மேற்கே திரும்பினால், அச்சாலை முடியும் இடத்தருகே ஓக்காப் பூங்கா இருக்கின்றது. முதன்முறை செல்வோர் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அப்பாற் செல்லாதிருத்தல் நன்று. ஏதேனும் மறந்துவிட்டால் திரும்பி வந்து எடுக்கலாம். பிள்ளை அழுதால் வீட்டுக்கே வந்துவிடலாம்.

கியூபெக்கிலே தேசியப் பூங்கா என்று பெயர் பெற்றவற்றுட் பெரும்பாலானவை மாகாண அரசுக்கு உரியவை. செப்பாக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அரசு நிறுவனம் அவற்றை நடத்துகின்றது. அங்கே 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் நுழைவுக் கட்டணமின்றிச் செல்லலாம் என்பது பிள்ளைகள் பலருள்ள நம் குடும்பங்களுக்குப் பெரிய உதவியாகும். தங்குமிடத்துக்கான கட்டணம் வேறு. கோடைக்கான இடங்கள் பனி கொட்டும் மாதங்களிலேயே பதிவாகி விடுகின்றமையால், தைப்பொங்கல் முடிந்த கையோடு குடும்பமாக அமர்ந்து நாட்குறிப்பைப் பார்த்தல் வேண்டும்.

இடத்தின் படத்தைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நிலம் சமதளமாக இருத்தல் வேண்டும்; வண்டி சரிந்து நின்றால் உறக்கமும் வராது, அடுப்பில் வைத்த பாத்திரமும் நில்லாது. கழிப்பறைக்கு அணித்தாக இருப்பது மூத்தோர்க்கு நன்று. மிக அணித்தாயின் இரா முழுவதும் நடமாட்டமாக இருக்கும். மின் இணைப்பு உள்ள இடம், தண்ணீர் இணைப்பும் உள்ள இடம், இரண்டும் இல்லாத இடம் என மூவகை உண்டு. வண்டியின் மின்கலம் எத்தனை நாளுக்குப் போதும் என்பதை அறிந்து கொண்டு அவற்றுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். காற்று எத்திசையிலிருந்து வீசும், காலை வெயில் எப்பக்கம் படும் என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.

வாகன உரிமத்தைப் பொறுத்தவரை, சாதாரண வாகனம் ஓட்டும் ஐந்தாம் வகுப்பு உரிமமே வாடகைக் கூடார வண்டிக்கும் போதுமானது. ஆனால் சமையல் எரிவாயு உருளை ஏற்றிய வண்டிகளுக்கு மொன்றியற் சுரங்கப்பாதைகளிலே கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே கிழக்கு நோக்கிச் செல்வோர் லூயி இப்போலித் லா ஃபொந்தேன் சுரங்கப்பாதையை நீக்கிப் பாலத்தின் வழியாக ஆற்றைக் கடப்பதே பாதுகாப்பானது. வாடகை மிகுதியெனக் கருதும் குடும்பங்கள், தம்மிடமுள்ள ஏழிருக்கை வானின் பின்னிருக்கைகளை மடித்து, மெத்தை விரித்து, ஓரிரவு தங்கிப் பார்க்கலாம். கூடார வண்டியின் பயன்களுட் பாதி அதிலேயே கிடைக்கும்.

விறகு கொண்டு செல்லுதல் மட்டும் ஆகாது. ஆஷ் என்னும் மரங்களை அழிக்கும் பச்சை நிற வண்டு 2002இல் கனடாவிலும், 2008இல் கியூபெக்கிலும், 2011இல் மொன்றியல் தீவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. வண்டு தானாகப் பறக்குந் தூரம் சிறிது. விறகுடன் அது வாகனமேறிச் செல்லுந் தூரமோ பெரிது. தங்கும் இடத்திலேயே விறகு வாங்கி, அங்கேயே எரித்துவிடுதல் வேண்டும்.

இனி, பெரும்பொழுது ஆறனையும் ஒவ்வொன்றாக நோக்குவோம். நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்கள், நான்கு பருவம் மட்டுமே சொல்லும் இந்நாட்டு வழக்கைக் காட்டிலும் நம் பயணத்துக்கு நன்கு பொருந்தி வருவது வியப்பான செய்தியாகும்.

இளவேனில்: சித்திரையும் வைகாசியும்

சித்திரை பிறக்கும்போது இங்கே பனி உருகத் தொடங்கும். ஏப்ரில் மாதத்தில் கனடா வாத்துகள் வடக்கு நோக்கித் திரும்பும் வழியிலே, ஒட்டாவா ஆற்றங்கரையிலுள்ள பிளெசான்ஸ் பூங்காவின் நீர்நிலைகளில் ஆயிரக்கணக்கில் இறங்கி இளைப்பாறுகின்றன. அப்பொழுது அங்கே பகலிற் சென்று பார்த்து வரலாம். தங்குமிடங்கள் பெரும்பாலும் மே மாத நடுப்பகுதியிலேதான் திறக்கப்படும்.

இப்பருவத்தில் ஆற்றங்கரைத் தாழ்நிலம் அழகாகத் தோன்றினும் அதனைத் தேர்தல் ஆகாது. உருகிய பனியும் மழையும் ஒன்று சேர்ந்தால் ஆறுகள் கரை மீறும். 2017இலும் 2019இலும் அவ்வாறு நேர்ந்தது. 2019 ஏப்ரில் 27ஆம் நாள், ஓக்காவுக்கு அணித்தான சென் மார்த் சூர் லு லாக் என்னும் ஊரில் அணை உடைந்து, ஏறத்தாழ 6,000 பேர் தம் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது.

மே நடுப்பகுதி முதல் ஜூன் முடியும் வரை காட்டோடைகளின் அருகே கறுப்பு ஈக்கள் பெருகும். ஓடும் நீரிலே வளரும் இச்சிறு ஈக்கள் காதோரத்தையும் பிடரியையும் கடித்துக் குருதி வரச் செய்வன. காற்று வீசும் இடத்தில் அவை நிலைகொள்வதில்லை. ஆகவே இப்பருவத்திலே அடர்காட்டையும் ஓடைக்கரையையும் விடுத்து, பரந்த ஏரியின் காற்றுப்படும் மேட்டுக்கரையைத் தேர்க. புல்லடர்ந்த தெற்குப் பகுதிகளிலே உண்ணிகளும் உண்டு. அவற்றுட் சில லைம் நோயைப் பரப்புவன. ஒவ்வொரு மாலையும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஆகியவற்றைப் பார்த்து, உண்ணி இருப்பின் அன்றே எடுத்துவிடுதல் வேண்டும்.

முதுவேனில்: ஆனியும் ஆடியும்

எல்லோரும் புறப்படும் பருவம் இதுவே. ஜூன் 24 சென் ஜோன் பப்ரிஸ்ற் நாளும், ஜூலை 1 கனடா நாளும், ஜூலை மாதத்தின் கடைசி இரு கிழமைகளில் வரும் கட்டிடத் தொழிலாளர் விடுமுறையும் தங்குமிடங்கள் நிரம்பி வழியுங் காலம். அமைதி விரும்புவோர் இந்நாட்களை நீக்கிக் கிழமை நாட்களிற் செல்வது நன்று. யமாஸ்காப் பூங்காவின் நீர்த்தேக்கக் கரை, சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏற்றது. வெகுதூரம் செல்லக் கூடியோர்க்கு மொன் திரம்பிளான் பூங்கா உண்டு. 1895ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அது கியூபெக்கின் முதலாவது பூங்கா. 1,500 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பிலே ஏறத்தாழ 400 ஏரிகளைக் கொண்டது.

நம்மவர்க்கே உரிய இரு பயணங்களும் இப்பருவத்தில் உண்டு. லோறன்ரியன் மலையிலே, வால் மொரன் என்னும் ஊரில், சுவாமி விஷ்ணுதேவானந்தா 1960களில் நிறுவிய சிவானந்த ஆசிரமம் இருக்கின்றது. அங்கே குன்றின்மேல் எழுந்த சுப்பிரமணிய ஐயப்பன் ஆலயத்துக்குக் கோடைதோறும் காவடி எடுக்கச் செல்கின்றனர் மொன்றியற் சைவர்கள். மேற்கே றிகோ மலைச்சரிவிலுள்ள லூர்து மாதா திருத்தலத்திலே கத்தோலிக்கத் தமிழரும் அவரோடு சைவரும் ஆண்டுதோறும் கூடுகின்றனர். மடுவுக்குச் சென்ற கால்களுக்கு அது மற்றொரு மடுவாக இருக்கின்றது. அவ்வூர்களின் அயலிலே ஓரிரவு வண்டியை நிறுத்தித் தங்கினால், கோயிலுக்குச் சென்று அன்றே ஓடி வருவதை விடுத்து, திருவிழாவுக்குத் தங்கிய பழைய வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

உணவைப் பற்றி ஒரு சொல். கரடிகளும் றக்கூன்களும் மோப்பத்தில் வல்லவை. நெத்தலிக் கருவாட்டுப் பொரியல் நமக்கு எத்துணை விருப்பமோ அத்துணை விருப்பம் அவற்றுக்கும் உண்டு. சமைத்த பாத்திரங்களை உடனே கழுவி, உணவனைத்தையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டுதல் வேண்டும். காடு வறண்டிருக்கும் காலத்திலே திறந்த வெளியில் தீ மூட்டத் தடை வரும். 2023 ஜூன் மாதத்தில் கியூபெக் காடுகள் எரிந்த புகை மொன்றியல் நகரையே மூடியதை மறத்தல் ஆகாது. புறப்படுமுன் தடை உண்டோ என விசாரித்து, அடுப்பிற் சமைக்க ஆயத்தமாகச் செல்க.

கார்: ஆவணியும் புரட்டாதியும்

ஊரிலே மழையை எதிர்பார்த்திருக்கும் இப்பொழுது, இங்கே ஆண்டின் மிகச் சிறந்த பயணக் காலமாகும். நுளம்பு குறைந்துவிடும், ஏரி நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், பாடசாலை தொடங்கியதும் கூட்டமுங் கலைந்துவிடும். ஓகஸ்ற் 12, 13ஆம் நாட்களை ஒட்டிப் பெர்சீட் எரிகற்கள் மிகுதியாக விழும். அவற்றைக் காண மொன் மெகாந்திக் மலைப்பகுதி சிறந்தது. சுற்றியுள்ள ஊர்கள் தம் தெருவிளக்குகளைத் திருத்தி ஒளிமாசைக் குறைத்தமையால், 2007ஆம் ஆண்டு அது உலகின் முதலாவது இருள்வானக் காப்பகமாக ஏற்கப்பட்டது.

அங்கே பிள்ளைகளுக்குத் துருவ நட்சத்திரத்தைக் காட்டுங்கள். துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தோன்றுகின்றதோ அதுவே ஏறத்தாழ நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு. யாழ்ப்பாணத்தில் அது பத்துப் பாகைக்குங் குறைவு. பனைமரத்தலைப்புகளுக்கு இடையிலே தேடிக் காண வேண்டும். இங்கோ ஏறத்தாழ 45 பாகை. அண்ணாந்து பார்த்தாற் போதும். நாம் எவ்வளவு தூரம் வந்துள்ளோம் என்பதைப் புவியியற் புத்தகமின்றியே ஒரு நட்சத்திரம் சொல்லிவிடும்.

மேலே குறிப்பிட்ட தாயார் சென்ற ஆண்டு இப்பருவத்திலேதான், உறவினர் வாடகைக்கு எடுத்த கூடார வண்டியில், ஓக்காவில் ஓரிரவு தங்கினார். வண்டிக் கதவைத் தாமே பூட்டிச் சாவியைத் தலையணையின் கீழே வைத்துக் கொண்டாராம். உறக்கம் வரவில்லை என்றார். விடியுமுன் எழுந்து, கதவைத் திறந்து, ஏரிக்கரை வரை தனியே நடந்து சென்று வந்ததாகவும், எவரும் எங்கே போகிறீர் என்று கேட்கவில்லை என்றும் சொன்னார். மறுமுறையும் செல்வதாக உள்ளார்.

செப்ரெம்பர் முடிவில் வடக்கு மலைகளிலும், ஒக்ரோபர் முற்பகுதியில் தெற்கே மொன் ஒர்போர்ட் முதலிய இடங்களிலும் மேப்பிள் மரங்கள் நிறம் மாறும். பகல் குறுகியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைகின்றது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. குளிர்ந்த இரவும் வெயிலுள்ள பகலும் சேர்ந்தால் இலையில் எஞ்சிய சீனியிலிருந்து சிவப்பு நிறமும் உண்டாகின்றது.

கூதிர்: ஐப்பசியும் கார்த்திகையும்

ஒக்ரோபர் இரண்டாம் திங்களில் வரும் நன்றி நவிலல் நாளோடு பல தங்குமிடங்கள் மூடப்படும். அதன்பின் இரவிலே உறைபனி விழும். வண்டியின் நீர்க்குழாய்களிலும் தாங்கியிலும் உள்ள நீரை வடித்துவிட்டு, அதற்கென விற்கப்படும் இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீர்மத்தைச் செலுத்த வேண்டியதும் இப்போதே. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது விரிவடைவதால் குழாய் வெடிக்கும் என்பதை விஞ்ஞான வகுப்பிலே படித்த மாணவர்கள், இவ்வேலையிற் பெற்றோருக்கு உதவலாம். தனியார் காடுகளிலும் பொதுக் காடுகளிலும் இது வேட்டைக் காலமுமாகும். மாகாணப் பூங்காக்களில் வேட்டைக்குத் தடையிருப்பதால், நடை செல்ல விரும்புவோர் அவற்றையே தேர்தல் நன்று.

முன்பனி: மார்கழியும் தையும்

குளிர்காலத்திலே தங்க இடந்தரும் பூங்காக்களும் உள்ளன. ஆயினும் அனுபவமில்லாதோர், வெப்பமூட்டிய மரக்குடில்களை வாடகைக்கு எடுத்துத் தங்குவதே தகும். வண்டியிலேயே தங்க விரும்புவோர் இரண்டு உண்மைகளை மனங்கொள்க. பியூற்றேன் வாயு பூச்சியப் பாகையளவிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் வாயு மறை 42 பாகை செல்சியசு வரை ஆவியாகும். ஆகவே குளிர்கால அடுப்புக்குப் புரொப்பேனே உரியது. இரண்டாவது உண்மை உயிரைப் பற்றியது. மூடிய வண்டிக்குள் அடுப்பைக் குளிர்காய்வதற்காக எரித்தாலும், புகைபோக்கியைப் பனி மூடியிருக்க இயந்திரத்தை ஓட்டினாலும், நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு உள்ளே நிறையும். உறங்குவோர் விழிப்பதில்லை. அதனை அறிவிக்குங் கருவி வேலை செய்கின்றதா எனப் பாராமல் எவரும் உறங்கச் செல்லலாகாது.

பின்பனி: மாசியும் பங்குனியும்

இரவில் உறைந்தும் பகலில் உருகியும் வரும் இந்நாட்களிலேதான் மேப்பிள் மரத்தில் இனிப்பு நீர் ஊறுகின்றது. ஏறத்தாழ 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாகு கிடைக்கும். மரத்திலே கருப்பநீர் இறக்கி, பெரிய தாச்சியிற் காய்ச்சிப் பனங்கட்டி செய்த ஊரிலிருந்து வந்த நமக்கு, இவ்வூர்ச் சர்க்கரைக் குடிலின் ஆவி மணம் அந்நியமானதன்று. அங்கே பாட்டாவையும் அம்மம்மாவையும் அழைத்துச் சென்று, பனங்கட்டி செய்த முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுமாறு கேளுங்கள். சேறும் வெள்ளமும் உள்ள பருவமாதலால் இரவிற் தங்காது பகலிலேயே திரும்புதல் நலம்.

நிலத்துக்கு உரியோர்

ஓக்காவைப் பற்றிப் பலமுறை சொன்னோம். அங்கே செல்லும் பிள்ளைகள் மற்றுமொன்றையும் அறிதல் வேண்டும். ஓக்காவை ஒட்டியிருப்பது கனசத்தாக்கே என்னும் மோகாக் மக்களின் ஊர். 1990ஆம் ஆண்டு, அவர்தம் முன்னோரைப் புதைத்த பைன் மரச்சோலையை அழித்துக் கொல்வ் விளையாட்டுத் திடலை விரிவாக்க முயன்றபோது அவர்கள் எதிர்த்து நின்றனர். ஜூலை 11 முதல் செப்ரெம்பர் 26 வரை 78 நாட்கள் அந்த எதிர்ப்பு நீடித்தது. நிலம் இழந்து வந்த நாம், நிலத்துக்காக நின்ற மக்களின் அயலிலே வண்டியை நிறுத்துகின்றோம். தங்கிய இடத்திலே குப்பை விடாமலும், இரவிலே பாட்டை உரக்க ஒலிக்கவிடாமலும், மரத்திலே ஆணி அறையாமலும் திரும்புவது அவர்க்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதையாகும்.

பெற்றோர்களே, வரும் ஆண்டின் ஆறு பொழுதுகளுள் ஏதேனும் ஒன்றைத் தேருங்கள். வண்டி பெரிதாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. தூரமும் பெரிதாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. மாணவச் செல்வங்களே, எந்த இடத்தை ஏன் தேர்ந்தீர்கள், அங்கே நிலம் எவ்வாறிருந்தது, காற்று எத்திசையிலிருந்து வீசியது, இரவிலே பெற்றோர் என்ன கதை சொன்னார்கள் என்பவற்றையெல்லாம் தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள். உங்கள் பின்னே வருவோர்க்கு அதுவே வழிகாட்டும் ஆற்றுப்படையாக அமையும். அடுத்த ஆண்டுவிழா மலரிலே அவற்றை வாசிக்க ஆவலோடு காத்திருக்கின்றோம்.